பகா எண்ணின் பங்காளிகள்

தோமையார்பாட்டுக் கரைவலையில் எண் ஏறிய அன்று கடல் பச்சையாகவும் இல்லாமல் நீலமாகவும் இல்லாமல் பித்தளைப் பானை கழுவிய தண்ணீர்போலக் கிடந்தது, அந்த நிறத்தைப் பார்த்துத்தான் என் அப்பா கஸ்பார் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி மீன் கூட்டம் இருக்கிறது வலையை வளையுங்கள் என்று சைகை காட்டினார், வள்ளம் வளைத்து வந்தது, இரண்டு கயிற்றிலும் ஆணும் பெண்ணுமாக ஊரே நின்று இழுத்தது, கடைசியில் வலையின் பையான மடி கரைக்கு வந்தபோது அதில் ஒரு சாளை மீன்கூட இல்லை, ஓர் எண் இருந்தது.

முதலில் 4 வந்தது. அதன் பின்னால் 9, அதன் பின்னால் 0. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், சிப்பியின் உள்பக்கம்போல வழவழப்பு, தமிழ் எண்களாக இல்லாமல் பஸ் நெற்றியில் எழுதியிருக்கும் சாதாரண எண்களாகவே இருந்தன. இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்ததால் இழுத்தவர்கள் இடம் விட்டு வடக்கே நகர்ந்தார்கள், மாதா சிலுவை நிற்கும் குருசடியைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தாண்டி, பக்கத்து ஊரான மிக்கேல்துறையின் வள்ளங்களுக்கு முன்னால் வரைக்கும் 4 போய்ச் சேர்ந்தபோதுதான் கடைசி இலக்கமான 3 எங்கள் கரையில் ஏறியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். தலை அவர்கள் மணலில், வால் எங்கள் மணலில்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. யாரும் பயப்படவில்லை, யாரும் விழுந்து கும்பிடவில்லை. மறுநாளே பெண்கள் 7களின் மேல்கம்பில் கருவாடு காயப் போட்டார்கள், பிள்ளைகள் 0களுக்குள் நுழைந்து விளையாடினார்கள், பங்குச்சாமியார் பூசையில் கடலுக்கும் வலைக்கும் செய்கிற மன்றாட்டில் எண்ணையும் சேர்த்துக்கொண்டார். காக்கைகள் மட்டும் 6இன் மேல் உட்காரவில்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. கரைவலையில் ஏறியது எதுவானாலும் வலை காய்வதற்குள் அதைப் பங்கு போட வேண்டும், பங்கு போட முடியாதது கடலுக்குச் சொந்தம். நான் பிறப்பதற்கு முன் ஒருமுறை ஒரு பியானோ ஏறியிருக்கிறது, அதை எப்படிக் கூறு போடுவது என்று யாருக்கும் தெரியாததால் சாயங்காலம் திரும்பக் கடலில் விட்டார்கள், வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் அது இப்போதும் கேட்கும். எண்ணை அப்படி விட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் வலையைக் காய விடாமல் வீட்டுக்கு ஒரு நாளாக முறை வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கேமராவோடு ஒரு சேனல்காரர் வந்தார். தன் போனில் இரண்டால் வகுத்தார், மூன்றால் வகுத்தார், ஐந்தால் வகுத்தார், எதிலும் மீதி விழுந்தது. "இது பகா எண்," என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் கமிட்டித் தலைவர் ராயப்பருக்கு அந்தச் சொல் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பகா என்றால் பிரிக்க முடியாதது, எங்கள் ஊரும் அப்படித்தானே என்றார். வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற என் தாய்மாமா இஞ்ஞாசியைக் கூப்பிட்டுப் பஸ் நிறுத்தத்தில் பலகை வைக்கச் சொன்னார். மாமா வெள்ளைப் பலகையில் சிவப்பில் எழுதிக் கறுப்பில் நிழல் கொடுத்தார்: பகா எண் கண்ட தோமையார்பாடு.

பலகையின் ஈரம் காய்வதற்குள் மிக்கேல்துறைக் கமிட்டித் தலைவர் சந்தியாகு ஆட்களோடு வந்தார். அவர்கள் தோளில் கயிறு இருந்தது.

"போர்டு எழுதினது நீங்கதானே? பகா எண்ணுன்னு போட்டிருக்கிய. பகாததுன்னா பங்கு போட முடியாதது. பங்கு போட முடியாதது கடலோடது. எங்க வள்ளம் இறக்க வழியில்லாமக் கிடக்கு. இழுத்து விட்டுருவோம்."

"பகான்னா ஒத்துமை, சந்தியாகு," என்றார் ராயப்பர்.

"அப்ப ஒத்துமையாக் கடலுக்குப் போகட்டும்."

எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. முறை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர்கள் 4இன் கழுத்தில் கயிற்றைச் சுற்றத் தொடங்கியபோது ராயப்பர் என் பக்கம் திரும்பினார்.

"கணக்குப் படிச்ச பிள்ள இருக்கால்லா. டெல்ஃபி, நீ சொல்லு. இது பகுமா, பகாதா?"

எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சேர்ந்த அன்று என்னைக் கொண்டுபோய் விட வேன் பிடித்துக்கொண்டு ஊரே வந்தது, வாசலில் நின்ற காவலாளி என்ன ஊர்வலம் என்று கேட்டார். அவ்வளவு பேரும் இப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகும் என்று ஒரு சொல் சொன்னால் எண் எங்களுக்குத் தங்கும்.

"தெரியாது. பாக்கணும்," என்றேன்.

"எவ்வளவு நேரமாவும்?"

"வலை காயாமப் பாத்துக்கோங்க."

சந்தியாகு கயிற்றைச் சுற்றியபடியே விட்டுவிட்டு, "முடிச்சுப் போடல. சீக்கிரம் பாரு," என்று சொல்லிப் போனார்.

என் வகுப்புத் தோழி ஷமீமா மடிக்கணினியோடு வந்தாள். கடலே பார்க்காமல் உள்நாட்டில் வளர்ந்தவள். எண்ணை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். தலைப்பக்கத்துப் பாதியை என் அம்மா பவுலினா ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுக் கூவ ஷமீமா தட்டச்சு செய்தாள், அம்மா மீன் விற்கிறவள் என்பதால் ஏலக்குரலில் அது இரண்டு ஊருக்கும் கேட்டது. வால்பக்கத்துப் பாதியை நானே நடந்து நடந்து போனில் ஏற்றினேன். இரண்டையும் சேர்த்துச் சின்ன எண்களால் வகுத்துப் பார்த்தபோது ஏழு மட்டும் மீதியில்லாமல் வகுத்தது.

"ஏழு," என்று ஷமீமாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். பின்னால் இஞ்ஞாசி மாமா நின்றிருந்தார்.

கோயில் மணி அடித்தது. எங்கள் எண் ஏழாகப் பகும் என்று மாமா பீடி புகைக்கக்கூட நிற்காமல் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த மகிழ்ச்சி ஒரு பானை சோறு வேகிற நேரம்தான் இருந்தது. யார் அந்த ஏழு? வலைக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று என்றால் மிச்சம் நாலு யாருக்கு? வடக்குத் தெருக்காரர்கள் தங்களுக்கு மூன்று என்றார்கள், தெற்குத் தெரு அதற்குக் காறித் துப்பியது. தலை எங்கள் மணலில் கிடக்கிறது, எங்களுக்கு நாலு வேண்டும் என்று மிக்கேல்துறையிலிருந்து ஆள் வந்தது. ஒரே தட்டில் சாப்பிடுகிற அண்ணன் தம்பிகள் சாயங்காலத்துக்குள் பேச்சை நிறுத்தினார்கள். ராயப்பர் மூன்று தரம் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று இரவு நான் சாப்பிட உட்காரவில்லை. கணினித் திரையில் அந்த எண்ணையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று இல்லாததுபோல இருந்தது. அப்புறம் தெரிந்தது, அம்மா வாசித்த பாதியில் ஓர் ஒன்றுகூட இல்லை. இரண்டாயிரம் இலக்கத்தில் ஒன்று என்பது எங்குமே வரவில்லை.

"அம்மா ஒண்ணுன்னு சொல்லவே இல்லையா?" என்று ஷமீமாவிடம் கேட்டேன்.

"இல்லையே. நடுநடுவுல லாபம் லாபம்னு சொன்னாங்க. ஏதோ வேண்டுதல் போலன்னு நானும் ஒவ்வொரு தடவையும் ஆமீன் சொன்னேன்."

கூடைக்கு மீன் எண்ணுகிற எங்கள் பெண்கள் யாரும் ஒன்று என்று வாயைத் திறக்க மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். அம்மாவைப் பொறுத்தவரை மணலில் நிற்கிற ஒவ்வொரு ஒன்றும் புதிதாகத் தொடங்குகிற ஓர் எண்ணிக்கை, ஆகவே ஒவ்வொன்றும் லாபம்.

"அந்தப் பிள்ள எவ்வளவு மரியாதையா ஆமென் சொல்லிச்சு," என்றாள் அம்மா. "நான் என்ன கண்டேன்."

மறுநாள் காலையில் வலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்களிடம் போய் ஏழு இல்லை என்று சொன்னேன். நாங்கள் ஏற்றியது நம் எண்ணே இல்லை, இலக்கங்கள் விட்டுப்போன வேறு எண், அந்த எண்ணுக்குத்தான் ஏழு என்றேன்.

"சும்மா இருந்திருக்கலாம்லா," என்றார் மாமா.

"சும்மா இருந்திருந்தா நாலு தரமாவது வெட்டுக்குத்து ஆயிருக்கும்," என்றார் தெற்குத் தெருக்காரர் ஒருவர். அண்ணன் தம்பிகளில் மூத்தவன் இளையவனைப் பார்த்து, "சாப்பிட்டியாலே?" என்றான்.

மறுபடி வாசித்தோம். இந்த முறை ஷமீமா வாசித்தாள், அம்மா கூடவே நடந்து, லாபத்தை அவள் ஒன்று என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தன் தலையில் கைவைத்தாள். நாங்கள் ஏற்றியதை மிக்கேல்துறைப் பெண் ஒருத்தி வாலிலிருந்து தலைக்குத் திரும்ப வாசித்துச் சரிபார்த்தாள். அதைக் கொண்டுபோய்க் கல்லூரிக் கணினியில் போட்டு, கணக்குத் துறைத் தலைவியின் அனுமதியோடு நாள்கணக்கில் ஓட விட்டேன். அது சின்ன எண்களில் தொடங்கி ஆயிரம் கோடி வரைக்கும் போனது. எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை. திரும்பிவரும் பஸ்ஸில் சேனல்காரர் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது.

ஆனால் இன்னொரு சோதனை இருந்தது. பகா எண்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு, இரண்டை மட்டும் விட்டுவிட வேண்டும். இரண்டுகளை வரிசையாக, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணிக்கையில் எடுத்து ஒன்றோடொன்று பெருக்கி, வருவதை அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும், வேறு வராது. கடல் காயும் வரை பெருக்கினாலும் முடியாத பெருக்கல், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போக ஒரு குறுக்குவழி இருப்பதால் கணினி சீக்கிரமே முடித்துவிட்டது. மீதி ஒன்று வரவில்லை. திரை நிறைய நீளமாக ஏதோ வந்தது. மூன்றை வைத்துச் செய்தேன், அப்போதும் ஒன்று வரவில்லை. அப்படியென்றால் அது பகா எண் இல்லை. அது பகும். எதனால் பகும் என்று மட்டும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள என் கையில் வழியும் இல்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"பகும்னு தெரியும்லா? அது போதும். ஏதாவது ஒரு நம்பரச் சேத்துச் சொல்லிரு தாயி. பெருசா, வாய்க்குள்ள நுழையாததா. சந்தியாகு வகுத்தா பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன், மாமா."

அவர் தூரிகையை மறுபடி பெயிண்டில் தோய்த்தார்.

அன்று பகலில் எல்லைக்கல்லைச் சுற்றி இரண்டு ஊரும் கூடியது. 4இன் கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது.

"இது பகா எண் இல்ல. பகு எண்."

எங்கள் பக்கம் எழுந்த சத்தத்தைச் சந்தியாகு கையைத் தூக்கி அடக்கினார். "எத்தனையாப் பகும்?"

"தெரியாது."

"தெரியாம எப்படிப் பகும்ங்கிற?"

"பகா எண்ணா இருந்தா ஒரு கணக்குல மீதி ஒண்ணு வரணும்..."

"லாபம்னு சொல்லுட்டி," என்றாள் அம்மா கூட்டத்திலிருந்து.

"மீதி லாபம் வரணும். வரல."

"அது உங்க காலேஜுக் கணக்கு. எனக்குப் பங்கைக் காட்டு. பங்கு கண்ணுல தெரியலன்னா கடலுக்கு."

அவர் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தார். அப்போது தண்ணீர் ஓரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, வழக்கம்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், துண்டு தோளில் கிடந்தது.

"சந்தியாகு மாமா, உங்க கரையில துண்டு வீசுதது யாரு?"

"நான்தான். எங்கப்பனுக்குப் பிறகு நான்."

"வீசும்போது மீனக் கண்ணால பாக்கியளா?"

"மீனு எங்க தெரியும்? தண்ணி நிறம் மாறும். அதுல தெரியும்."

"எத்தன மீனுன்னு?"

அவர் கையிலிருந்த கயிற்று நுனியைப் பார்த்தார்.

"கூட்டம் இருக்குன்னு தெரியும், எத்தனைன்னு தெரியாது. ஆனாலும் நீங்க துண்ட வீசுனா ஊரே கயித்தப் பிடிக்குது. நான் பாத்ததும் அவ்வளவுதான். இந்த எண்ணுல தண்ணி நிறம் மாறியிருக்கு. உள்ள பங்கு இருக்கு. எத்தனைன்னு சொன்னா அது பொய்யாப் போயிரும்."

சந்தியாகு குனிந்து 4இன் வழவழப்பைக் கையால் தடவினார். நிறம் பார்த்து வலை வளைக்கிறவர் அவர், அந்தச் சாட்சியம் செல்லாது என்று சொன்னால் அவர் துண்டும் செல்லாது.

"குறைஞ்சது எவ்வளவு இருக்கும்? அதாவது தெரியுமா?"

"அது தெரியும். ஆயிரம் கோடிக்குள்ள எதுவும் வகுக்கல. அதனால பங்கு எத்தன ஆனாலும் ஆயிரம் கோடிக்கு மேலதான். உலகத்துல உயிரோட இருக்குற எல்லாருக்கும் தலைக்கு ஒண்ணு குடுத்தாலும் மிச்சம் இருக்கும்."

"எங்க ஊருக்கும் சேத்தா?"

"உங்க ஊருக்கும் சேத்துத்தான்."

"கடலுக்குப் போய்த் திரும்பாதவங்களுக்கு?" ஒரு பெண் கேட்டாள், மிக்கேல்துறைக்காரி. கல் குருசுபோல நிமிர்ந்து நின்றிருந்தாள்.

நான் யோசித்தேன். ஆம் என்று சொல்ல மிகவும் ஆசையாக இருந்தது. "ஆதியிலிருந்து போன எல்லாரையும் சேத்தா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுக்கா. இந்த ரெண்டு கரையிலிருந்தும் போனவங்களுக்குன்னா நிச்சயமா இருக்கு."

அவள் தலையசைத்தாள். சந்தியாகு கயிற்றை 4இன் கழுத்திலிருந்து சுற்றுச் சுற்றாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"பங்கு உண்டுன்னா அது மீன்பாடு மாதிரிதான், கரைக்குச் சொந்தம், வேற பேச்சில்ல. எத்தனைங்கிறத மெதுவாக் கண்டுபிடிங்க. வலையக் காயப் போடுங்க, அழுகிரப் போவுது." பிறகு ராயப்பரைப் பார்த்து, "இனி நீரும் நானும் பங்காளி வேய். சண்டை போட வசதியாப் போச்சு," என்றார்.

அன்று சாயங்காலமே இரண்டு ஊரும் சேர்ந்து எண்ணை வளைத்து வள்ளங்களுக்கு வழி விட்டார்கள். கரைவலை இழுக்கும்போது போடுகிற அம்பாப் பாட்டைப் போட்டு, ஓர் இலக்கத்துக்கு நாலு பேராகத் தூக்கினார்கள், எந்த 9 எந்த ஊர்க்காரர் தூக்கியது என்று யாரும் பார்க்கவில்லை. எண் இப்போது இரண்டு கரைக்கும் பின்னால் பெரிய பிறைபோலக் கிடக்கிறது, அலை அங்கே வருவதில்லை, காக்கைகள் 6இன் மேல் உட்காரத் தொடங்கியிருக்கின்றன. எத்தனை பங்கு என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீளமான எண்களைப் பகுத்துப் பார்ப்பதைப் பற்றித்தான் மேலே படிக்கவும் சேர்ந்திருக்கிறேன். ராயப்பர் பார்க்கும்போதெல்லாம், "கிடைச்சா சொல்லு, கிடைக்காட்டியும் சொல்லு," என்கிறார்.

பலகையைத் திருத்த இஞ்ஞாசி மாமா ஏணி போட்டபோது நான் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். கா என்ற எழுத்தின் துணைக்காலை வெள்ளையால் அழித்தார், மீதி நின்ற க என்ற எழுத்தைச் சுழித்து இழுத்துக் கு ஆக்கினார். கீழே இடம் பார்த்து மிக்கேல்துறை என்றும் எழுதினார், கொஞ்சம் நெருக்கமாகத்தான் வந்தது. இறங்கி வந்து தூர நின்று பார்த்தார். "ஒத்த எழுத்துதான் தப்பு," என்றார். அவருடைய வாழ்நாளில் அதைவிட நன்றாக ஓர் எழுத்தை அவர் எழுதியதில்லை.

போன வாரம் அம்மாவோடு டவுனுக்குப் பஸ்ஸில் போனேன். மீன்கூடை காலடியில் இருந்தது. நிறுத்தத்தில் பலகையைப் பார்த்துவிட்டு, டை கட்டிய ஒருவர், மருந்துக் கம்பெனிப் பையோடு இருந்தவர், இதுதான் அந்த ஊரா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள்.

"உங்க எண்ணுல எல்லாருக்கும் பங்கு இருக்குங்கிறாங்களே, எத்தனை பங்கு?"

"எம் மக பாத்துக்கிட்டிருக்கா," என்றாள் அம்மா. அதை அவள் சொன்ன விதத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப எனக்கும் உண்டா?" என்று சிரித்தார் அவர்.

அம்மா சிரிக்கவில்லை. மீன் எண்ணும்போது நீட்டுகிற மாதிரி விரலை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "லாபம்," என்றாள். கண்டக்டரைக் காட்டி, "ரெண்டு." பால்கேனோடு நின்ற பெண்ணுக்கு மூன்று, அவள் இடுப்புக் குழந்தைக்கு நான்கு, திரும்பிப் பார்த்த டிரைவருக்கு ஐந்து, இப்படியே கடைசி இருக்கைவரை எண்ணி முடித்துவிட்டு, பஸ் டவுனுக்குள் நுழைந்ததும் ஜன்னல் வழியே ரோட்டில் போகிறவர்களை எண்ணத் தொடங்கினாள்.